லாமுவில் வாங்கிய வாய்

என் அம்மா தன் நாத்தனாரை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. ஒரே வீட்டில், ஒரே சமையலறையில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தும் பேசியதில்லை. இதைச் சொன்னால் அம்மாவை அறிந்த யாரும் நம்பமாட்டார்கள். திருநெல்வேலியில் பஸ் கண்டக்டர் முதல் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை வரை அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களின் வரிசை நீளமானது. ஆனாலும் நான் சொல்வது சத்தியம். அம்மா பேசவில்லை. உடுத்தினாள்.

கென்யாவின் கடலோரத்தில் லாமு என்று ஒரு தீவு இருக்கிறது. நான் பிறந்தது அங்கேதான். அப்பா அங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒப்பந்த டாக்டர். பருவக்காற்றைப் பிடித்து அரபு தேசத்திலிருந்தும் நம் குஜராத்திலிருந்தும் பாய்மரக் கப்பல்கள் வந்துபோன பழைய வியாபார ஊர் அது. பவளப்பாறையை வெட்டியெடுத்துக் கட்டி, சுண்ணாம்பு பூசிய மாடி வீடுகள். இரண்டு கழுதைகள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியே ஆகவேண்டும்; சந்துகள் அவ்வளவுதான் அகலம். சந்துக்கு மேலே, ஒரு வீட்டு மாடியிலிருந்து எதிர்வீட்டு மாடிக்குப் பாலம் போட்டாற்போல ஓர் அறையைக் கட்டியிருப்பார்கள். பெண்கள் தெருவில் இறங்காமலே வீடு விட்டு வீடு போக அந்த ஏற்பாடு. நாங்கள் வாடகைக்கு இருந்த மாடிக்கும் அப்படியொரு பாலம் இருந்தது. எதிர்வீட்டு அம்மாள் அதன் வழியே தேங்காய்ப்பால் சோற்றோடு வருவாள். அம்மா அதன் வழியே புளிக்குழம்போடு போவாள். அம்மா சுவாஹிலி கற்றுக்கொண்டதும் அந்தப் பாலத்தில்தான்.

அங்கே பெண்கள் இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக உடுத்தும் பருத்தித் துணிக்கு லேசோ என்று பெயர். கண்ணைப் பறிக்கும் நிறம். நான்கு பக்கமும் அகலக் கரை. நடுவில் சித்திரம் போட்ட பகுதியை அவர்கள் மொழியில் 'ஊர்' என்பார்கள். அந்த ஊருக்கு அடியில் ஒரு வரி அச்சடித்திருக்கும். பழமொழியாக இருக்கும், வேண்டுதலாக இருக்கும், பெரும்பாலும் வம்பாக இருக்கும். கடைக்குப் போகிறவர்கள் நிறத்தைப் பிறகுதான் பார்ப்பார்கள், முதலில் வரியைப் படிப்பார்கள். யார்மேல் மனத்தாங்கலோ அவர் கண்ணில் படும்படி அந்த வரியைக் கட்டிக்கொண்டு நடந்தால் போதும். கேட்டால், துணிதானே கட்டியிருக்கிறேன் என்று சொல்லிவிடலாம். பதில் சொல்ல நினைப்பவரும் வாயால் சொல்லக்கூடாது. கடைக்குப் போய், தகுந்த வரியாகப் பார்த்து வாங்கி உடுத்தவேண்டும். எங்கள் சந்தில் ஓரகத்திகள் இருவர் ஒரு மழைக்காலம் முழுக்க இப்படிச் சண்டை போட்டார்கள். இருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை; சந்து மொத்தமும் படித்து ரசித்தது. சாடை பேசுவதில் திருநெல்வேலிக்காரிகளை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்த அம்மா, லாமுவிடம் தோற்றுப்போனாள். தோற்ற கையோடு ஒரு பெட்டி நிறைய வாங்கியும் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பெட்டியோடு நாங்கள் இறங்கிய இடம் நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷன். அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, எந்தக் காலத்திலோ எழுதிப்போட்ட மனு பலித்து எங்களுக்கு கிரீன் கார்டு வந்திருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு ஏழு முடிந்து எட்டு நடந்துகொண்டிருந்தது. கழுதையும் இல்லை, சந்தும் இல்லை, தெருவில் மனிதரும் இல்லை. எல்லா வீட்டுக்கும் முன்னால் புல், புல்லுக்கு முன்னால் கார்.

அப்பா லாமுவில் பார்த்த வைத்தியமெல்லாம் அமெரிக்காவில் செல்லாது. புதிதாகப் பரீட்சை எழுதித் தேறவேண்டும். தேறிய பிறகு ஏதாவது ஓர் ஆஸ்பத்திரி பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளவேண்டும். அதுவரை சம்பளம் கிடையாது, அத்தை வீட்டு பேஸ்மென்ட்தான் கதி. பரீட்சையில் தேறிவிட்டார். ஆனால் எந்த ஆஸ்பத்திரியும் கூப்பிடவில்லை. மறுபடியும் அதே தடித்த புத்தகங்களைப் புரட்டிக்கொண்டு, அதிக மார்க்குக்காக இன்னொரு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஆக, அம்மா அத்தையிடம் வாயைத் திறந்தால் எங்களுக்கு இருக்க இடமில்லை. இது அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அத்தை கெட்டவள் இல்லை. ஆனால் அவளோடு ஒரு நாள் இருந்தால் அதை நம்புவது கஷ்டம். அம்மா கழுவிய பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவுவாள். தாளிப்பதாக இருந்தால் கராஜில் அடுப்பை வைத்துத் தாளிக்கச் சொல்வாள். ஹீட்டர் பட்டனை யாரும் தொடக்கூடாது. பேப்பர் டவலில் பாதியைத்தான் கிழிக்கவேண்டும். எதைக் காட்டினாலும், "இதெல்லாம் ஆப்பிரிக்காவுல கிடைக்காதுல்லா" என்பாள். ஆப்பிரிக்கா என்றால் அவளுக்கு ஒரே காடு. அதில் நாங்கள் மரத்தடியில் இருந்து வந்தவர்கள். மாமாவுக்கு டெக்ஸாஸில் வேலை, எப்போதாவது வருவார். அத்தை மகன் கலிஃபோர்னியாவில் காலேஜில் சேர்ந்த பிறகு வருவதேயில்லை. நான்கு படுக்கையறை வீட்டில் அத்தை தனியாக இருந்து ஆட்சி செய்து பழகியிருந்தாள். குடிமக்கள் என்று நாங்கள்தான் புதிதாக வந்து சேர்ந்தோம்.

ஒருநாள் காலையில் அம்மா பெட்டியைத் திறந்தாள். சுடிதாரின் மேல் இடுப்பைச் சுற்றி ஒரு மஞ்சள் லேசோவைக் கட்டிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அத்தையின் முன்னால் முதுகைக் காட்டி நின்று தோசை வார்த்தாள். வரி முதுகுப்பக்கம் இருந்தது: 'சிங்கத்தின் பல்லுக்கு அஞ்சுவேன், மனிதர் சொல்லுக்கு அஞ்சமாட்டேன்.' அன்றைக்குத்தான் அமெரிக்கா வந்த பிறகு அம்மா முதன்முதலாகப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சமைத்தாள். அப்பா காபிக்காகப் படியேறி வந்தார், படித்தார், காபியை வாங்கிக்கொண்டு பேசாமல் பேஸ்மென்டுக்கு இறங்கிவிட்டார். அதற்குப் பிறகு தினமும் காலையில் அப்பா வானிலை அறிக்கை பார்ப்பதுபோல் அம்மாவின் முதுகைப் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்.

சுவாஹிலியை ஆங்கில எழுத்தில்தான் எழுதுவார்கள். ஆகவே அத்தையால் எழுத்துக்கூட்டிப் படிக்க முடியும், பொருள்தான் தெரியாது. சில நாள் பார்த்துவிட்டு அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, உங்கம்மா துணியில என்னமோ எழுதியிருக்கே, என்னதுட்டி அது?"

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"சிங்கத்துமேல வர்ற அம்மன் காப்பாத்துவான்னு போட்டிருக்கு அத்தை."

அத்தை துணியை உற்றுப் பார்த்தாள். "ஆப்பிரிக்காவுலயும் அம்மன் இருக்கா? பரவாயில்லயே" என்றாள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் நான்தான் மொழிபெயர்ப்பாளர். 'பொறாமைக்காரருக்குக் காரணம் வேண்டாம்' என்று அம்மா கட்டினால், 'கடவுள் கருணைக்குக் காரணம் வேண்டாம்' என்று நான் சொன்னேன். 'அம்மா, எனக்கு ஆசி கொடு. மனிதரோடு வாழ்வது பெரும்பாடு' என்பதில் முதல் பாதியை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன். அம்மா என் காதைத் திருகினாள். திருகிய கையாலேயே அதிரசம் கொடுத்தாள். அத்தைக்கோ லேசோவின்மேல் பக்தியே வந்துவிட்டது. அம்மா முதுகைக் காட்டி நிற்கும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வாள். லாமுவின் எந்தச் சந்திலும் ஒரு லேசோவுக்கு இப்படியொரு மரியாதை கிடைத்திருக்காது.

நவராத்திரி வந்தது. எங்கள் குடும்பத்தில் கொலு வைக்கும் வழக்கமே கிடையாது. அத்தை அதை நியூ ஜெர்சியில் பார்த்துக் கற்றுக்கொண்டவள். கற்றுக்கொண்டதாலோ என்னவோ, பரம்பரையாக வைப்பவர்களைவிட விமரிசையாக வைப்பாள். அட்டைப்பெட்டி, பழைய பெஞ்சு, அதோடு அப்பாவின் மருத்துவப் புத்தகங்கள் என்று அடுக்கிப் படி கட்டினாள். நவராத்திரி முடியும்வரை அப்பா எதையும் படிக்க வழியில்லை. அவர் அதைப் பெரிய இழப்பாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

இந்த வருடக் கொலுவுக்கு ஒரு முக்கியமான விருந்தாளி உண்டு என்று அத்தை அறிவித்தாள். அவளோடு லேபில் வேலை பார்க்கும் குஜராத்தி அம்மாள். அவருடைய கணவர் ஓர் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர். புதிதாக யாரைப் பயிற்சிக்கு எடுப்பது என்பதில் அவர் பேச்சுக்கு மதிப்புண்டு.

"அவுக ஹஸ்பெண்ட் ஒரு வார்த்தை சொன்னா போதும், தம்பிக்கு இன்டர்வியூ வந்துரும்" என்றாள் அத்தை. "நான் இத்தனை மாசமா அந்த அம்மா பின்னால அலைஞ்சது சும்மாவா?"

அத்தை அப்படி அலைந்தது எங்களுக்கு அதுவரை தெரியாது. அம்மா தலையைக் குனிந்துகொண்டு கொண்டைக்கடலையைக் களைந்தாள். அன்று அவள் கட்டியிருந்தது பொறாமைக்காரர் லேசோ.

படியில் விரிக்க வைத்திருந்த வேட்டியில் எண்ணெய்க் கறை இருந்தது. அத்தை சுற்றிலும் பார்த்தாள். அவள் கண் அம்மாவின் இடுப்பில் வந்து நின்றது.

"உன் சாமித்துணி எல்லாத்தையும் எடுத்துட்டு வா. கலர் கலரா அம்சமா இருக்கும்."

"அது பழசு மதினி. சமையக்கட்டுல கட்டுனது."

"வாஷ் பண்ணினா போச்சு. ஆசீர்வாதம் எழுதின துணி, படிக்குப் போடாம வேற எதுக்கு?"

அம்மாவால் என்ன சொல்லமுடியும்? கூடாது என்றால் ஏன் என்று சொல்லவேண்டும். கொண்டுவந்தாள். வரிகள் எல்லாம் உள்பக்கம் மடிந்து போகும்படி கெட்டிக்காரத்தனமாக விரித்தாள். பார்த்தால் வெறும் பூவும் மாங்காயும்தான் தெரிந்தன. நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்து மூச்சுவிட்டோம். அத்தை வேலையிலிருந்து வந்தாள், பார்த்தாள், உச்சுக்கொட்டினாள். "எழுத்தை உள்ள வச்சு மடிச்சுட்டியே, கூறில்லாம" என்று சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு படியிலும் துணியை இழுத்து வரி முன்னால் தெரியும்படி தானே சரிசெய்தாள். சிங்கம் மேல்படியில். பொறாமை நடுப்படியில். மனிதரோடு வாழும் பாடு அடிப்படியில், மரப்பாச்சிகளுக்குக் கீழே.

மாலையில் ஆன்ட்டிகள் பட்டுப்புடவையில் வந்து நிறைந்தார்கள். கடைசியாகக் குஜராத்தி அம்மாள் வந்தார். நெற்றியில் பெரிய பொட்டு, பருத்திப் புடவை. காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், பொம்மைகளைப் பார்க்கவேயில்லை. கொலுவின் முன்னால் வந்து மண்டியிட்டு உட்கார்ந்து, துணியின் கரையை இரண்டு விரலால் தொட்டுத் தடவினார். அது ஏதோ குஜராத்தி முறை என்று நினைத்துக்கொண்டு பக்கத்திலிருந்த ஆன்ட்டிகள் இருவர் தாங்களும் மண்டியிட்டார்கள்.

"லேசோ" என்றார் அவர்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தையிடம் அவர் சொல்லியிருக்கவில்லை, அத்தையும் கேட்டிருக்கவில்லை. அவர் பிறந்து வளர்ந்தது மொம்பாசா. லாமுவிலிருந்து அதே கடற்கரையில் தெற்கே இறங்கினால் வரும் பெரிய துறைமுகம். லேசோவுக்கென்றே பேர்போன கடைத்தெரு அந்த ஊரில் இருக்கிறது. அம்மாவின் பெட்டியில் பாதி அங்கே வாங்கியது.

அவர் உதடு அசைந்தது. மேல்படியைப் படித்தார். நடுப்படியைப் படித்தார். முகத்தில் வந்திருந்த சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவர்கள் ஊரில், வந்த விருந்தாளியின் முன்னால் விரித்த வரி அந்த விருந்தாளிக்குத்தான். அவர் திரும்பி அத்தையைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். சுண்டல் தட்டோடு நின்ற அவளுக்கு, அப்பாவின் இன்டர்வியூ வாசலைத் தாண்டிப் போவது கண்ணால் தெரிந்திருக்கவேண்டும்.

எனக்கோ அதெல்லாம் மனதில் நிற்கவில்லை. லாமுவை விட்டு வந்த பிறகு அம்மா அப்பாவைத் தவிர வேறொருவர் வாயில் சுவாஹிலியைக் கேட்பது அதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்தில் அந்த மொழியை யாரிடம் பேசுவது? வாய் நமநமத்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பெரியவர்களைப் பார்த்தால் சொல்லும் வணக்கத்தை எங்கள் லாமு வழக்கில் சொன்னேன். அவர் திடுக்கிட்டு, பதில் வணக்கம் சொன்னார்.

"இந்த லேசோ எல்லாம் யாருடையது?" என்று சுவாஹிலியில் கேட்டார்.

"அம்மாவுடையது."

"யாருக்காக உடுத்துவாள்?"

"அத்தைக்காக" என்றேன் பெருமையாக. "அத்தைக்குப் படிக்கத் தெரியாது."

கூடத்தில் இது அம்மா ஒருத்திக்குத்தான் புரிந்தது. தட்டிலிருந்து கொஞ்சம் சுண்டல் கார்ப்பெட்டில் சிந்தியது. மற்ற ஆன்ட்டிகள், பிள்ளை என்ன அழகாக ஆப்பிரிக்க பாஷை பேசுகிறது என்று மெச்சினார்கள். மொம்பாசா ஆன்ட்டி என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு கையை வாயருகே கொண்டுபோய் இருமினார். அது இருமல் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

அத்தைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வந்திருக்கும் பெரிய மனுஷிக்குத் தன் வீட்டுத் துணியைப் படிக்கத் தெரிகிறது. இதைவிட வேறென்ன வேண்டும்? எல்லார் முன்னாலும் ஆங்கிலத்தில் கேட்டாள். இதில் என்ன எழுதியிருக்கிறது, நீங்களே படித்து எல்லாருக்கும் சொல்லுங்கள், ரொம்ப நல்ல ஆசீர்வாதங்கள் என்று இந்தப் பிள்ளை சொல்கிறாள்.

அம்மா தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் பியானோவின் மேல் வைத்தாள். பியானோவின் மேல் எதையும் வைக்கக்கூடாது என்பது அந்த வீட்டின் முதல் சட்டம். அத்தை அதைக் கவனிக்கவில்லை.

மொம்பாசா ஆன்ட்டி எழுந்தார். புடவையைச் சரிசெய்துகொண்டார். "எங்கள் ஊரில் லேசோவை யாரும் சத்தமாகப் படிக்கமாட்டோம்" என்றார் ஆங்கிலத்தில், நிதானமாக. "யாருக்கு எழுதியதோ, அவர்கள் மனதுக்குள் படித்துக்கொள்ளவேண்டும். அதுதான் மரியாதை."

ஆன்ட்டிகள் எல்லாரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாரோ பாட ஆரம்பித்தார்கள்.

அவர் புறப்பட்டபோது அத்தை கார்வரை கூடப் போனாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவ்வேயில் இருவரும் வெகுநேரம் நின்றார்கள். மொம்பாசா ஆன்ட்டி கையை ஆட்டி ஏதோ விளக்கினார். காற்றில் ஒரு நீளமான கோடு போட்டு, அதன் அடியில் இன்னொரு கோடு போட்டுக் காட்டினார். அத்தை கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நான் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா பேஸ்மென்டுக்கு இறங்கி, "பெட்டியை எடுங்க, போவோம்" என்றாள் அப்பாவிடம்.

"எங்க போறது?" என்றார் அப்பா. "புஸ்தகமெல்லாம் படிக்கு அடியில இருக்கு."

அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இரண்டையும் விழுங்கினாள். நான் அவள் மடியில் ஏறி உட்கார்ந்தேன்.

அத்தை உள்ளே வந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. படியிலிருந்து லேசோக்களை எடுக்கவும் இல்லை. நவராத்திரி முடியும்வரை அம்மா தன் வரிகளுக்குத் தானே காலையும் மாலையும் விளக்கேற்றினாள். ஒவ்வொரு நாளும் யாராவது வந்து அவற்றைக் கும்பிட்டார்கள். இதைவிடப் பெரிய தண்டனையை லாமுவில்கூட யாரும் கண்டுபிடித்திருக்கமாட்டார்கள். கொலு கலைந்ததும் அத்தை தானே அத்தனையையும் துவைத்து, அயர்ன் செய்து, அம்மாவின் பெட்டியில் அடுக்கி வைத்தாள். மொம்பாசா ஆன்ட்டியின் கணவர் அப்பாவை ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லிப் போன் செய்தார். அத்தை அந்தச் செய்தியையும் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, அப்பாவுக்கு ஒரு கோட் வாங்கப் போய்விட்டாள்.

அம்மா லேசோ கட்டுவதை விட்டுவிட்டாள். அத்தை கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். இந்த மௌனத்தைத் தாங்கமுடியவில்லை. உப்பிட்டவளைப் போய்ப் பொறாமைக்காரி என்றோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. நேரே போய் அதைச் சொல்ல ரோஷம் விடவில்லை. "மன்னிச்சுக்கோன்னு எழுதின லேசோ ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல" என்று அப்பாவிடம் புலம்பினாள். "வாங்கும்போது அது தேவைப்படும்னு தோணல."

"வாயால சொல்லிப் பாரேன்" என்றார் அப்பா.

அது தனக்குப் பழக்கமில்லை என்றாள் அம்மா.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை. அம்மா இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள், நான் மேஜையில் இருந்தேன். அத்தை படியிறங்கி வரும் சத்தம் கேட்டது. வழக்கமான சத்தமாக இல்லை, தடுக்கித் தடுக்கி வந்தது. சமையலறை வாசலில் வந்து நின்றாள். நைட்டிக்கு மேல் ஒரு புத்தம்புதிய லேசோ. சிவப்புக் கரை, கஞ்சி மொடமொடப்பு. லேசோவை ஜோடியாக, வெட்டாமல்தான் விற்பார்கள். வாங்கியவர்கள் நடுவில் வெட்டி, ஓரம் அடித்து, இரண்டாக உடுத்தவேண்டும். அத்தைக்கு அது தெரியவில்லை. மொத்த நீளத்தையும் இடுப்பில் சுற்றி, மிச்சத்தைக் கையில் அள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தையும் பேசாமல், அம்மாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

வரி இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமல் கோணலாக, முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் மேஜையிலிருந்தே படித்தேன்: 'விருந்தாளியே வா, வீட்டுக்காரர் குணமாகட்டும்.'

அம்மாவும் படித்தாள். மாவுக் கரண்டியை வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அந்த வரியை இன்னொரு தரம் படித்தாள். அதற்குப் பிறகு அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியே நின்றுகொண்டிருந்தாள், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி.

"மதினி" என்றாள் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இது ரெண்டு துணி. நடுவுல வெட்டணும்."

"வாங்கித் தந்த அந்த மொம்பாசா அம்மா இதைச் சொல்லவே இல்லயே" என்றாள் அத்தை.

அம்மா கத்தரிக்கோலை எடுத்துவந்தாள். அத்தையை நிற்கவைத்து, சுற்றியதைப் பிரித்து, நடுக்கோட்டைப் பார்த்து வெட்டினாள். ஒரு பாதியை அத்தையின் இடுப்பில் வரி நேராக விழும்படி கட்டிவிட்டாள். மறுபாதியை மடித்து நீட்டினாள். அத்தை வாங்கிக்கொள்ளவில்லை. அம்மாவின் இடுப்பைக் காட்டி, "உனக்குத்தான், கட்டு" என்றாள். அம்மா கட்டிக்கொண்டாள். லாமுவில் கல்யாண வீட்டில் பெண்கள் ஒரே லேசோவாக உடுத்துவார்கள். அப்படி இருவரும் ஒரே சிவப்பில் அடுப்படியில் நின்றார்கள்.

எனக்கு அந்த வரி கவலையைக் கொடுத்தது. அத்தை அருகில் போய் நெற்றியில் கைவைத்துப் பார்த்தேன். சூடில்லை.

"உங்களுக்கு உடம்புக்கு என்ன அத்தை?"

"எனக்கென்னட்டி? கல்லு மாதிரி இருக்கேன்."

பேஸ்மென்டுக்கு ஓடினேன். அப்பா படித்துக்கொண்டிருந்தார். அத்தைக்குக் குணமாகவேண்டுமாம், துணியில் எழுதிக் கட்டியிருக்கிறாள், வீட்டிலேயே டாக்டர் நீங்கள் இருந்தும் என்ன வியாதி என்று பார்க்கவில்லையே என்று குற்றம் சொன்னேன். அப்பா என்ன வரி என்று கேட்டார். சொன்னேன். அவர் புத்தகத்தை மூடினார். மேலே சமையலறையில், கடுகை வீட்டுக்குள்ளேயே தாளிக்கலாமா கூடாதா என்று அம்மாவும் அத்தையும் உரத்த குரலில் சண்டை போடுவது கேட்டது. அத்தையோடு அம்மா வாய்விட்டுப் போட்ட முதல் சண்டை. அப்பா கொஞ்சநேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த வியாதி பரீட்சைக்கு வராதும்மா" என்றார்.

பரீட்சைக்கே வராத வியாதி என்றால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று எனக்கு நிம்மதியாகிவிட்டது. நான் விளையாடப் போனேன்.